காலமும் கைப்பயிற்சியும்: சக்தி மாதிரியுருக்களில் தொழினுட்ப முன்னேற்றம்

உலகின் பொருளாதார வாழ்வைச் சில சமன்பாடுகளிற் சுருக்கி, அவற்றைக் கணினியின் துணைகொண்டு நூறாண்டுக்கு அப்பாலும் செலுத்திப் பார்க்கும் வழக்கம் கடந்த அரை நூற்றாண்டிற் பெருகியுள்ளது. இத்தகைய கணித அமைப்பை மாதிரியுரு என்பர். நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரிப்பதனால் வளிமண்டலத்திற் சேரும் காபனீரொட்சைட்டை எவ்வளவு விரைவிற் குறைத்தல் வேண்டும், அதற்கு என்ன செலவாகும் என்று அரசுகள் வினவும்போது, விடை கூற முன்வருவன இம்மாதிரியுருக்களே. அவை கூறும் விடையைக் கேட்போர் பலர். அவ்விடை எதன்மீது நிற்கின்றது என்று ஆராய்வோர் சிலர். நாளைய இயந்திரம் இன்றைய இயந்திரத்தினும் எவ்வளவு மலிவாய் அமையும், அஃது ஏன் அவ்வாறு மலிவடையும் என்பது பற்றிய எடுகோள் ஒன்று ஒவ்வொரு மாதிரியுருவினுள்ளும் மறைந்திருக்கின்றது. பல வேளைகளில் அஃது ஒற்றை வரியினும் மிகாது. ஆயினும் 'இன்றே தொடங்குக' என்பதும் 'சற்றே பொறுத்திருக்க' என்பதும் பெரும்பாலும் அவ்வொற்றை வரியினாலே தீர்மானிக்கப்பட்டு வந்துள்ளன. அவ்வரியின் வரலாறே ஈண்டு ஆராயப்படுவது.

இவ்வாராய்ச்சியை 1865 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குதல் பொருந்தும். அவ்வாண்டிலே வில்லியம் ஸ்ரான்லி ஜெவொன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர், முப்பது வயதும் நிரம்பாத நிலையில், பிரித்தானியாவின் நிலக்கரிப் பிரச்சினை பற்றிய தமது நூலை வெளியிட்டார். நிலக்கரியின் பயன்பாடு ஆண்டுக்கு 3.5 வீதம் பெருகி வந்ததைக் கண்ட அவர், அவ்வளர்ச்சி தொடருமாயின் 1961 ஆம் ஆண்டில் அந்நாட்டுக்கு ஏறத்தாழ 260 கோடி தொன் வேண்டியிருக்கும் எனக் கணக்கிட்டார். அத்துணை நிலக்கரியைத் தோண்டுதல் இயலாது. ஆதலின் நாட்டின் வளர்ச்சியே தடைப்படும் என்பது அவர் முடிபு. நிகழ்ந்தது வேறு. பிரித்தானிய நிலக்கரி உற்பத்தி 1913 இல் 28 கோடி 70 இலட்சம் தொன்னை எட்டி உச்சமடைந்து, பின்னர் சரிந்தது. 1961 இல் அது 20 கோடி தொன்னையும் எட்டவில்லை.

ஜெவொன்ஸ் தொழினுட்ப முன்னேற்றத்தை அறியாதவர் அல்லர். ஜேம்ஸ் வாற்றின் நீராவிப் பொறி குறைந்த நிலக்கரியால் மிகுந்த வேலையைச் செய்தது. ஆயினும் அதன் பின்னரே நிலக்கரியின் பயன்பாடு பன்மடங்கு பெருகிற்று என்பதை எடுத்துக் காட்டியவர் அவரே. சிக்கனம் செலவைப் பெருக்கும் என்னும் அவர் கருத்து இன்றும் அவர் பெயராலே வழங்குகின்றது. அவர் ஏற்க மறுத்தது பிறிதொன்று. நிலக்கரியின் இடத்தை வேறொரு பொருள் பற்றும் என்பதை அவர் நம்பவில்லை. பெற்றோலியத்தையும் அவர் பெரிதாக மதித்தாரல்லர். முன்னேற்றம் இருந்த துறையிலேயே தொடரும், புதிய துறை பிறவாது என்று கொண்டதே அவர் கணக்கின் குறை. இக்குறை அவரோடு ஒழியவில்லை.

அடுத்த நிகழ்ச்சி அமெரிக்காவிலே நிகழ்ந்தது. 1957 இல் றொபேட் சொலோ என்பார், 1909 முதல் 1949 வரையான நாற்பது ஆண்டுகளில் அந்நாட்டில் ஒருவர் ஒரு மணிநேர உழைப்பால் ஆக்கும் பொருளின் அளவு இருமடங்காகியது எவ்வாறு என ஆராய்ந்தார். இயந்திரங்களும் பிற மூலதனமும் பெருகியதனால் விளைந்தது அவ்வளர்ச்சியில் எட்டில் ஒரு பங்கே. எஞ்சிய ஏழு பங்கைத் தொழினுட்ப மாற்றத்தின் கணக்கிலே அவர் இட்டார். அத்தொழினுட்ப மாற்றத்தைத் தம் சமன்பாட்டில் எவ்வாறு குறித்தார் என்பதே நாம் கவனிக்கற்பாலது. அதனைக் காலத்தின் சார்பாக அவர் எழுதினார். ஆண்டுகள் செல்லச் செல்ல முன்னேற்றம் நிகழும். அதற்கு வேறு காரணம் கூறப்படவில்லை. இவ்வெச்சத்தைப் பற்றி முந்திய ஆண்டிலேயே மோசஸ் அப்ரமோவிற்ஸ் என்பவர், இது நமது அறியாமையின் அளவேயாம் என்ற கருத்தை வெளியிட்டிருந்தார். நேர்மையான சொல். எனினும் சொலோவின் முறை எளிதாயிருந்தமையால் அதுவே நிலைபெற்றது. காலத்தைக் குறிக்கும் ஓரெழுத்து, அறியாமையைக் குறிக்கும் அடையாளமாக இருந்த நிலை மாறி, காரணத்தையே குறிப்பதுபோல் வழங்கத் தலைப்பட்டது.

வேறு வழிகள் அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. கூலி பற்றிய தமது நூலில், ஒரு பொருளின் விலை ஏறுமாயின் அப்பொருளைச் சிக்கனப்படுத்தும் கண்டுபிடிப்புக்கள் தூண்டப்படும் என்று ஜோன் ஹிக்ஸ் 1932 இலேயே கூறியிருந்தார். 1936 இல் தியோடர் போல் றைற் என்னும் விமானப் பொறியியலாளர் மற்றொன்றைக் கண்டார். (வானூர்தி கண்ட சகோதரர்கள் வேறு, இவர் வேறு.) ஒரே வகை விமானத்தைக் கட்டும்போது, கட்டி முடிந்தவற்றின் மொத்தத் தொகை இருமடங்காகுந்தோறும் ஒன்றுக்கான உழைப்பின் செலவு ஏறத்தாழ 20 வீதம் குறைகின்றது என்பதே அது. இங்கே செலவைக் குறைப்பது காலம் அன்று, கை. நூறு விமானங்களைக் கட்டியவன் இருநூறாவதை எளிதிற் கட்டுவான். கட்டாதிருப்பவன் பத்தாண்டு காத்திருந்தாலும் ஒன்றும் கற்கமாட்டான். கெனத் அரோ 1962 இல் இதனைப் பொருளியற் கோட்பாடாக வளர்த்து, செய்து கற்றல் என்னும் கருத்தை நிலைநாட்டினார். எனவே, சக்தி மாதிரியுருக்கள் தோன்றுவதற்கு முன்னரே காலம், விலை, பயிற்சி என்னும் மூன்று காரணங்களும் அறிஞர் கையில் இருந்தன. மாதிரியுருக்களை அமைத்தோர் அவற்றுள் முதலாவதையே தெரிந்தெடுத்தனர்.

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி சக்திக் கணிப்பை அரச கருமமாக்கியது. அவ்வாண்டிலேயே யேல் பல்கலைக்கழகத்து வில்லியம் நோட்ஹவுஸ், உலகின் எரிபொருள்களை நீண்ட காலத்துக்குப் பங்கீடு செய்வது பற்றிய ஒரு கணிப்பை வெளியிட்டார். எண்ணெயும் வாயுவும் தீர்ந்த பின்னர், விலை கூடியதாயினும் எல்லையின்றிக் கிடைக்கும் ஒரு தொழினுட்பம் அவற்றின் இடத்தை ஏற்கும் என அவர் கொண்டார். இதனைக் கடைக்காப்புத் தொழினுட்பம் எனலாம். தான் எரிக்கும் எரிபொருளினும் மிகுதியான எரிபொருளை ஆக்கும் ஈனுலை என்னும் அணு உலையே அவர் மனத்திலிருந்த கடைக்காப்பு. ஐக்கிய அமெரிக்காவின் ஈனுலைத் திட்டம் 1983 இற் கைவிடப்பட்டதும், பிரான்சின் சுப்பர்பீனிக்ஸ் உலையை மூடுவதென 1997 இல் முடிவு செய்யப்பட்டதும் பின்கதை. ஒஸ்திரியாவின் லக்சன்பேர்க் நகரில் 1972 இல் நிறுவப்பட்ட சர்வதேசப் பிரயோக முறைமைப் பகுப்பாய்வு நிறுவனத்தில் அவர் தங்கியிருந்த காலத்தில், 1975 இல், காபனீரொட்சைட்டைக் கட்டுப்படுத்த இயலுமா என்ற வினாவை இக்கணிப்பு முறையாற் கேட்டார். காலநிலைக் கொள்கைக்கான சக்தி மாதிரியுருக்கள் பெரும்பாலும் இவ்வேரிலிருந்தே கிளைத்தன.

1990 ஆம் ஆண்டளவில், அலன் மான், றிச்சட் றிச்செல்ஸ் என்னும் இருவர் அமெரிக்கா காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்துவதற்கு ஆகும் செலவைக் கணித்தனர். விலை மாற்றம் எதுவும் இன்றியே ஓர் அலகுப் பொருளாக்கத்துக்கு வேண்டும் சக்தி ஆண்டுதோறும் தானாகவே சிறிது குறையும் என்பது அவர்தம் மாதிரியுருவின் ஒரு கூறு. அமெரிக்காவுக்கு அக்குறைவை ஆண்டுக்கு 0.5 வீதம் என்று வைத்தனர். பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்து றொபேட் வில்லியம்ஸ் இதனை மிகக் குறைந்த மதிப்பெனக் கண்டித்தார். மறுபுறம், ஹோகன், ஜோர்கன்சன் என்னும் இருவர், கடந்தகாலத் தரவுகளை நோக்கின் தொழினுட்ப மாற்றம் பல தொழில்களிற் சக்தியை மிகுதியாக நுகரும் திசையிலேயே சென்றிருக்கின்றது என 1991 இல் வாதிட்டனர். கற்றறிந்தோர் அரை வீதத்துக்காகவா இவ்வாறு பொருதுவர் என வாசகர் வியத்தல் கூடும். கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 0.5 வீதம் குறையுமாயின், இன்று 100 பங்கு சக்தி வேண்டும் ஒரு வேலைக்கு நூறாண்டின் பின்னர் 61 பங்கு வேண்டும். ஆண்டுக்கு 1 வீதம் குறையுமாயின் 37 பங்கே போதும். எஞ்சிய 24 பங்கையும் நிலக்கரியை விடுத்து வேறு வழியால் ஈட்டவேண்டுமா, வேண்டாவா என்பதிலே பெருந்தொகைகள் தொங்கி நின்றன. அளந்து அறியப்படாத ஓர் எண், அளந்து அறிந்தவை யாவற்றையும் ஆண்டது.

எண்ணின் அளவு பற்றிய பூசல் இவ்வாறாக, எண்ணின் காரணம் பற்றிய பூசல் சில ஆண்டுகளின் பின் எழுந்தது. இதுவே நம் வரலாற்றின் நடுக்கூறு. 1996 இல் விக்லி, றிச்செல்ஸ், எட்மண்ட்ஸ் என்னும் மூவர் 'நேச்சர்' இதழிலே ஒரு கட்டுரை வெளியிட்டனர். வளிமண்டலக் காபனீரொட்சைட்டை ஒரே இறுதி அளவில் நிறுத்துவதற்குப் பல பாதைகள் உள; அவற்றுள் முதற் பல ஆண்டுகள் வெளியேற்றத்தைச் சிறிதே குறைத்துப் பின்னர் விரைந்து குறைக்கும் பாதையே மலிவானது என்பது அவர் வாதம். அதற்கு மூன்று காரணங்கள் காட்டினர். உள்ள இயந்திரங்களை அவை தேயுமுன் கழிப்பது நட்டம். நாளைய செலவு இன்றைய மதிப்பிற் சிறியது. தொழினுட்பம் நாளை மலிவடையும். வாளாவிருக்கலாம் என்று அவர்கள் கூறவில்லை; ஆராய்ச்சியும் ஆயத்தமும் வேண்டும் என்றே எழுதினர். ஆயினும் அடுத்த ஆண்டில் கியோற்றோவிற் கூடவிருந்த அரசுகளுக்குப் பொறுத்திருக்க ஒரு நியாயம் இதனாற் கிடைத்தது.

அவர் காட்டிய மூன்றாவது காரணத்தை மைக்கல் கிரப் என்னும் பிரித்தானியர் எடுத்துக்கொண்டார். தொழினுட்பம் தானே மலிவடையுமாயின் பொறுத்திருத்தல் அறிவுடைமை. ஆனால், அதனை வாங்குவதும் பயன்படுத்துவதுமே அதனை மலிவாக்கும் எனின், பொறுத்திருப்போர் காத்திருக்கும் அந்நாள் வாராது. ஒரே உலகம், ஒரே இலக்கு, ஒரே செலவுத் தரவு. காலத்தை நீக்கிப் பயிற்சியை வைத்தவுடன் அறிவுரை தலைகீழாகின்றது. முதலில் வாங்குபவன் கொடுக்கும் மிகை விலை வீண் செலவு என்ற நிலை மாறி, பின்வருவோர்க்கு இடப்பட்ட முதலீடாகின்றது. அதிலேயே ஓர் இடர்ப்பாடும் உண்டு. விலை கொடுத்தவன் ஒருவன். பயன் துய்ப்பவன் வேறொருவன். ஆதலின் சந்தையை அதன் போக்கில் விட்டால் முதல் வாங்குநன் முன்வரமாட்டான்.

இத்துணைத் தெளிவான கருத்து மாதிரியுருக்களில் முன்னரே ஏன் இடம்பெறவில்லை? மாதிரியுரு அமைத்தோரின் அறியாமையே காரணம் எனல் பொருந்தாது. கணக்கின் இயல்பே தடையாயிருந்தது. செலவு ஆண்டுக்காண்டு குறையும் என எழுதினால், மிகக் குறைந்த செலவுள்ள பாதையைத் தேடுவது ஒரே பள்ளமுள்ள நிலத்தில் நீர் தேங்குமிடத்தைத் தேடுவதை ஒக்கும். எங்கிருந்து இறங்கினும் அதனையே அடையலாம். வாங்கும் தொகையால் செலவு குறையும் என எழுதினாலோ, நிலத்திற் பள்ளங்கள் பலவாகின்றன. நிலக்கரியிலேயே நிற்பது ஒரு பள்ளம். சூரியனுக்கு மாறுவது வேறொரு பள்ளம். இரண்டுக்கும் இடையே மேடு. ஒன்றில் இறங்கிய கணினி மற்றது ஆழமானதா என்பதை அறியாது. மேற்கூறிய லக்சன்பேர்க் நிறுவனத்தில் சபீன் மெஸ்னர் 1997 இல் தமது நிறுவனத்தின் பெரிய மாதிரியுருவினுள்ளே இக்கற்றலைப் புகுத்தி, இத்தடையைத் தாண்டலாம் எனக் காட்டினார். அதுகாறும் காலமே ஆண்டதற்குக் காரணம் அஃது உண்மையென நிறுவப்பட்டமை அன்று, எளிதிற் கணிக்கத்தக்கதாயிருந்தமையே என்பது என் துணிபு.

இனி, நிகழ்ந்தவற்றை நோக்குவோம். 1954 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் சப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர், ஒளியில் ஏறத்தாழ 6 வீதத்தை மின்னாக மாற்றும் சிலிக்கன் சூரிய மின்கலத்தை ஆக்கினர். 1958 இல் வன்கார்ட் என்னும் செய்மதி அதனை வானுக்கு எடுத்துச் சென்றது. 1970 களின் நடுப்பகுதியில் ஒரு வாற்று மின்கலத்தின் விலை, இன்றைய நாணய மதிப்பில், 100 டொலர் அளவினதாயிருந்தது. யப்பான் 1974 இல் தொடங்கிய சூரிய ஒளித் திட்டம், பின்னர் வீட்டுக் கூரைகளுக்கு அது வழங்கிய உதவி, ஜேர்மனி 2000 ஆம் ஆண்டில் இயற்றிய புதுப்பிக்கத்தக்க சக்திச் சட்டம், அதன் பின்னர் சீனத் தொழிற்சாலைகளின் பேருற்பத்தி என ஒன்றையொன்று தொடர்ந்து கைமாற்றியதனால், விலை அரை டொலருக்கும் கீழே வந்தது. மொத்த உற்பத்தி இருமடங்காகுந்தோறும் விலை ஏறத்தாழ 20 வீதம் குறைந்தது. விமானத்திற் கண்ட அதே எண் இங்கும் வந்தது தற்செயலாகவே இருக்கலாம். அதிலிருந்து பெரிதொன்றும் முடிபு செய்ய வேண்டுவதில்லை. ஆனால் இத்தகைய வீதத்தின் வலிமையை உணர்தல் நன்று: பத்துமுறை இருமடங்காயின் விலை ஒன்பதில் ஒரு பங்காகின்றது.

இக்கற்றலுக்கு யார் விலை கொடுத்தனர் என்பதை மறத்தலாகாது. ஜேர்மன் சட்டம் சூரிய மின்சாரத்துக்கு இருபது ஆண்டுகள் உறுதியான விலை வழங்கியது. அம்மிகைச் செலவு அந்நாட்டு வீடுகளின் மின்சாரக் கட்டணத்தோடு சேர்த்து அறவிடப்பட்டு, 2022 இலேயே நீக்கப்பட்டது. முகில் மூடிய ஒரு வடநாட்டிற் சூரிய மின்கலம் பொருத்துவது மூடத்தனம் எனக் கூறிய பொருளியலறிஞர் பலர். அந்நாட்டு மின்சாரத்தை மட்டும் கருதின் அவர் கூற்றிற் பிழை காண்டல் அரிது. வெயில் காயும் நாடுகள் பின்னர் மலிவாக வாங்கியதை அவர்தம் கணக்கேட்டில் எழுத இடமிருக்கவில்லை.

மாதிரியுருக்கள் இதனை முன்னறிந்தனவா? அறியவில்லை என்றே கூறல் வேண்டும். 1974 இல் நிறுவப்பட்ட சர்வதேச சக்தி முகவரகத்தின் ஆண்டறிக்கைகள், சூரிய மின்வளர்ச்சி இனிமேற் சமநிலை எய்தும் எனப் பல ஆண்டுகள் வரைந்து காட்டின. வளர்ச்சியோ ஆண்டுதோறும் அவ்வரைகோட்டைக் கடந்து சென்றது. தாம் வரைந்தவை எதிர்வுகூறல்கள் அல்ல, உள்ள கொள்கைகளின் விளைவுகளே என அவர்கள் விடையிறுத்தனர். அவ்விடையில் நியாயம் உண்டு. ஆயினும் 2017 இல் கிறொய்ற்சிக் முதலிய ஆய்வாளர், பல நிறுவனங்களின் மாதிரியுருக்கள் சூரியனை ஒரே திசையிற் குறைத்து மதிப்பிட்டு வந்ததை எடுத்துக் காட்டினர். கற்றலை ஏற்றுக்கொண்ட மாதிரியுருக்களும், விலை இதற்குக் கீழ் இறங்காது என ஒரு தரைவிலையை வகுத்துவிட்டன. உண்மை விலை அத்தரையைத் துளைத்து இறங்கியது. அதே முகவரகம் 2020 இல், சிறந்த இடங்களில் அமைந்த சூரிய மின்சாரம் வரலாற்றிற் காணப்பட்ட மிக மலிவான மின்சாரத்துள் ஒன்று என எழுதிற்று.

இவ்வளவில் நிறுத்தினால் கையே வென்றது, காலம் தோற்றது என்று முடித்துவிடலாம். வரலாறு அத்துணை எளிதன்று. 1954 ஆம் ஆண்டிலேயே, அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவர் லூயிஸ் ஸ்ரோஸ், மின்சாரத்தை மானி வைத்து அளக்கத் தேவையில்லாத அளவுக்கு அது மலிவாகும் காலம் வரும் எனப் பேசினார். 1974 முதல் பிரான்ஸ் அணு உலைகளை ஒன்றன்பின் ஒன்றாக, பெரும்பாலும் ஒரே அச்சில், ஒரே நிறுவனத்தின் கையாற் கட்டியது. கற்றலுக்கு இதனினும் ஏற்ற சூழல் வேறில்லை. ஆயினும் பிந்திய உலைகள் முந்தியவற்றினும் செலவு கூடியனவாயின என ஆர்னுல்ப் குரூப்ளர் 2010 இல் எழுதினார். பின்வந்த கணக்குகள் அவ்வேற்றம் அவர் கண்ட அளவினதன்று எனக் காட்டினும், செலவு விழவில்லை என்பதில் ஐயமில்லை. ஒரு வேளை சிறிய பொருளைப் பல்லாயிரமாக ஆக்கும் கை விரைவிற் கற்கின்றது. மலைபோன்றதைச் சிலவாகக் கட்டும் கை கற்பதற்குள் சட்டமும் வடிவமும் மாறிவிடுகின்றன எனலாம். இதனை முன்கூட்டிச் சொல்ல மாதிரியுருக்கள் அறிந்திருக்கவில்லை. சூரியனிற் கண்ட பின்னரே நாமும் சொல்கின்றோம்.

நோட்ஹவுஸ் 2014 இல் எழுப்பிய தடையும் இத்தகையதே. உற்பத்தி பெருகியதனால் விலை குறைந்ததா, விலை குறைந்ததனால் உற்பத்தி பெருகியதா? இரண்டும் ஒருங்கே நிகழும்போது புள்ளிவிவரம் அவற்றைப் பிரித்துக் காட்டமாட்டாது. வேறு துறைகளின் ஆராய்ச்சியால் விளைந்த மலிவெல்லாம் பயிற்சியின் கணக்கில் ஏறிவிடும். அதனை நம்பிய மாதிரியுரு ஏதேனும் ஒரு தொழினுட்பத்தின்மீது வரம்பின்றிப் பந்தயம் வைக்கும் என அவர் எச்சரித்தார். சிலிக்கன் தட்டுப்பாட்டால் 2004 முதல் 2008 வரை சூரிய மின்கலத்தின் விலை இறங்காது நின்றமையை நினைப்போர் இவ்வெச்சரிக்கையைப் புறக்கணியார். எனினும் ஒன்று கூறலாம். ஐயம் இரு பக்கமும் வெட்டும். பயிற்சியை நிறுவ இயலாதபோது அதன் மதிப்பைச் சுழியெனக் கொள்வதும் ஓர் எடுகோளே. அது நடுநிலை அன்று. 2013 இல் நாகி, பார்மர் முதலியோர் 62 தொழினுட்பங்களின் விலை வரலாற்றைச் சோதித்தபோது, கால விதியும் றைற்றின் பயிற்சி விதியும் ஏறத்தாழச் சமமாகவே எதிர்வுகூறின. பயிற்சி விதி மயிரிழையில் முந்திற்று. உற்பத்தியும் காலத்தோடு மடங்கு மடங்காக வளர்வதால் இரண்டையும் பிரிப்பது அரிது என்பதே அங்கும் கிடைத்த விடை. ஒக்ஸ்போர்டிலிருந்து வே, பார்மர் முதலியோர் 2022 இல் வெளியிட்ட கணிப்பு, விரைந்து மாறுதலே மெல்ல மாறுதலினும் மலிவானது என்று கூறும் அளவுக்குச் சென்றது. 1996 ஆம் ஆண்டின் கட்டுரையோடு அதனைச் சேர்த்து வாசிப்போர், ஒரே வினாவுக்கு எதிரெதிரான விடைகள் எழுந்தமைக்குக் காரணம் எவ்வரியில் உள்ளது என்பதை எளிதிற் காண்பர்.

2018 ஆம் ஆண்டு ஒக்டோபர் 8 ஆம் நாள் பொருளியலுக்கான நோபல் பரிசு இருவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர், காலநிலையைப் பொருளியல் மாதிரியுருவினுள்ளே கொணர்ந்த நோட்ஹவுஸ். மற்றவர், தொழினுட்ப முன்னேற்றம் வெளியிலிருந்து வருவதன்று, மக்களின் முயற்சியால் பொருளாதாரத்தினுள்ளேயே விளைவது என்பதைக் கோட்பாடாக்கிய போல் றோமர். வெப்பவுயர்வை 1.5 பாகையில் நிறுத்துவது பற்றிய அரசிடைக் குழுவின் அறிக்கையும் அதே நாளில் வெளியாயிற்று. இவ்விருவரின் பணிகளும் ஒரே மேடையிற் கௌரவிக்கப்பட்டனவேயன்றி, ஒரே சமன்பாட்டில் இன்னும் முற்றாகக் கலக்கவில்லை. நோட்ஹவுஸ் 1992 இல் வெளியிட்டதும் பின்னர் பன்முறை திருத்தப்பட்டதுமான மாதிரியுருவின் 2023 ஆம் ஆண்டுப் பதிப்பிலும், கடைக்காப்புத் தொழினுட்பத்தின் விலை முன்னரே வகுக்கப்பட்ட வீதப்படி ஆண்டுக்காண்டு இறங்குகின்றது. எவரேனும் அதனை வாங்கினாலும், வாங்காவிடினும்.